ஒரு மெகாவாட் போதும் என்று கை தூக்கியவன்

1

இந்தக் கதை ஒரு வகுத்தல் கணக்கிலிருந்து வந்தது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. வம்பே அதுதான்.

முதல் வரியாக இதை எழுதிப் பார்த்தேன்: "பனி கொட்டிய ஒரு காலையில் குட்ருன் தன் சைக்கிளை..."

விட்டுவிட்டேன். டென்மார்க் கதை என்றால் பனியும் சைக்கிளும் வந்தே தீர வேண்டுமா என்ன? குட்ருன் வேலைக்கு ஓட்டை வேனில் வருகிறவள். எங்கள் ஊரான ஹோய்ல்பியின் கொதிகலனைப் பத்தொன்பது வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வைக்கோலை எரித்து, நீரைச் சூடாக்கி, தெருவுக்கு அடியில் ஓடும் குழாய் வழியே நானூற்று எண்பது வீடுகளுக்கு அனுப்புகிறோம். கொதிகலனுக்குச் சொந்தக்காரர்கள் ஊர்க்காரர்களான நாங்களே. கூட்டுறவுச் சங்கம். அதன் அலுவலகத்தில் நான் எழுத்தர்.

இரண்டாவது தொடக்கம்: "ஆற்றல் வேறு, திறன் வேறு."

பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ஆனாலும் இருக்கட்டும். இந்த ஒரு வரி புரியாததால்தான் ஊரே கை தூக்கியது.

2

(அவசரக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று எழுதி, அடித்துவிட்டேன். தாண்டாதீர்கள்.)

எங்கள் சங்கத் தலைவர் வெர்னர். முன்பு பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். போன மாதம் நடந்த பொதுக்கூட்டத்தில் பலகையில் எழுதிக் காட்டினார். ஊர் ஒரு வருடத்தில் செலவழிக்கிற வெப்பம் எட்டாயிரத்து எண்ணூறு மெகாவாட் மணி. வருடத்துக்கு எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணிநேரம். வகுத்தால், ஏறக்குறைய ஒரு மெகாவாட். ஆகவே ஒன்றேகால் மெகாவாட்டுக்கு மின்சார வெப்பப் பம்பு ஒன்று வாங்கினால் தாராளம்; பழைய கொதிகலனை இடித்துவிடலாம்.

எல்லோரும் தலையாட்டினார்கள். வகுத்தலை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் அது சராசரி. வருடம் முழுவதும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்து, கல்யாணத்தன்று அத்தனை இலை மட்டும் போட்டால் என்ன ஆகும்? மெகாவாட் மணி, அதாவது ஆற்றல், என்பது சாப்பிட்ட மொத்தச் சோறு. மெகாவாட், அதாவது திறன், என்பது ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும் கூட்டம். ஜூலையில் எங்கள் பந்தியில் ஆளே இல்லை. கடுங்குளிரில் வாசல்வரை நிற்கிறார்கள்.

கல்யாண நாளின் கணக்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது: குட்ருனின் நோட்டுப் புத்தகத்தில். அவளுடைய பழைய மானி கிகாஜூலில்தான் காட்டும். வாராவாரம் அதைக் கூட்டி, 3.6-ஆல் வகுத்து, மெகாவாட் மணியாக மாற்றித் தலைவருக்கு அனுப்புவது என் வேலை.*

* அனுப்புவது வாரத்தின் மொத்தத்தை. எந்த மணியில் எவ்வளவு ஏறியது என்பது அந்தக் கூட்டலில் கரைந்துபோகும். கரைத்தவன் நான்.

3

கூட்டக் காட்சியை இப்படி எழுதியிருந்தேன்: "குட்ருன் எழுந்தாள். மண்டபம் அமைதியில்..."

பொய். எங்கள் விளையாட்டு மண்டபம் அமைதியானதே கிடையாது. பாட்டுப் பாடிக் கூட்டம் தொடங்கியதுமே காபிக் குடுவைகள் கைமாற ஆரம்பித்துவிடும்.

இருந்தாலும் என் குட்ருன் பிரமாதமாகப் பேசினாள். ஒன்றரைப் பக்கம். அசந்துபோய், மறுநாள் கொதிகலன் அறைக்குப் போய் நிஜ குட்ருனுக்கு அதை டேனிஷில் சொல்லிக் காட்டினேன். அவள் சாம்பல் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"நீ எழுதுன பொம்பள நல்லாத்தான் பேசுறா. ஆனா நான் பக்கத்து ஊர்க்காரி. உங்க சங்கத்துல நான் உறுப்பினரே இல்ல. அந்தக் கூட்டத்துல வாயத் தொறக்க எனக்கு உரிமை கெடையாது. உனக்கு ஓட்டும் இருக்கு, பேச்சும் இருக்கு. ஆனா நீ கைய மட்டும் தூக்கிட்டு வந்துட்ட."

ஆமாம். தூக்கினேன். இதுவரை உங்களிடம் அதை நேராகச் சொல்லாமல் "எல்லோரும்", "ஊரே" என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

அவள் நோட்டைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைத்தாள். வெளியே மைனஸ் பதினான்கு. காலை ஏழு மணி. அந்த ஒரு மணிநேரத்தில் 10.4 கிகாஜூல். மனசுக்குள்ளேயே வகுத்தேன். இரண்டே முக்காலுக்கும் மேலே, கிட்டத்தட்ட மூன்று மெகாவாட். நாம் வாங்கப் போவது ஒன்றேகால்.

இப்படி ஆறு நாள் போனதாகச் சொன்னாள். பிறகு, "குழாயோட கடைசி வீடு எதுன்னு தெரியும்ல?" என்றாள்.

தெரியும். முதியோர் இல்லம். முப்பத்தொரு பேர். குழாயில் சூடு குறைந்தால் முதலில் குளிர்வது அவர்களுடைய அறைகள்தான்.

4

வெர்னரை வில்லனாக்கினால் கதை எழுதச் சுலபம். எழுதியும் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். இருபத்தாறு வருடங்களுக்கு முன் நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கேட்காமலே என் வாசல் பனியை வாரிப் போட்டவர். இன்றைக்கும் வாருகிறார். அவர் எழுதிய கணக்கை, இன்னும் நாக்கு இடறுகிற டேனிஷில், ஊர் முன்னால் மறுத்துப் பேசுவதா? பயந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஆனால் எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. கொதிகலன் மாதிரிப் பெரிய சொத்தை இடிப்பதென்றால் ஒரு தடவை ஓட்டெடுத்தால் போதாது. மூன்று வாரம் ஆறப்போட்டு, இன்னொரு கூட்டத்தில் மறுபடி கை தூக்க வேண்டும். அந்த இரண்டாம் கூட்டம் நாளை, வியாழன், மாலை ஏழு மணிக்கு.

ஞாயிறன்று வெர்னர் வேலிச் செடியை வெட்டிக்கொண்டிருந்தார். நோட்டின் நகலை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"தொட்டி இருக்கே. குளிர் ஏறுனா அதுலேருந்து எடுத்துக்க மாட்டமா?"

அதற்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சுடுநீர்த் தொட்டியில் இருப்பது நாற்பது மெகாவாட் மணி. கடுங்குளிரில் பம்பு தருவதற்கு மேல் மணிக்குத் தேவைப்படுவது ஒன்றரைக்கும் அதிகம்.

"ஒரு நாள் தாங்கும், வெர்னர். குளிர் ஆறு நாள் இருந்துச்சு."

கத்தரியை மடக்கி வேலிமேல் வைத்தார்.

"அன்னிக்கு நீ கை தூக்குனப்ப இது உனக்குத் தெரியுமா?"

(இங்கே "லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்று முதலில் எழுதினேன். அவரிடமும் அப்படித்தான் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது.)

"தெரியும். வாராவாரம் அந்த நோட்டக் கூட்டுறது நான்தானே."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. என்னைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "வேலியோரத்துல எங்கிட்ட வந்து சொல்லி முடிச்சுக்காத. நான் சரின்னா இடிக்கறதுக்கும், வேணாம்னா நிறுத்தறதுக்கும் இது என் பண்ணையா? எல்லாரையும் வச்சுக்கிட்டு கை தூக்குன. எல்லாரையும் வச்சுக்கிட்டு சொல்லு."

தன் கணக்கை விட்டுக்கொடுப்பாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

5

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது. நான் பேசுகிறேன். பாதியில் ஒரு சொல் வராமல் திணறுகிறேன். பலகையில் 10.4 என்று எழுதி 3.6-ஆல் வகுக்கிறேன். வெர்னர் எழுந்து, "அவன் சொல்றது சரி" என்கிறார். கொதிகலன் தப்பிக்கிறது.

இரண்டாவது. நான் பேசுகிறேன். யாரோ கொட்டாவி விடுகிறார்கள். மூன்று வாரம் முன்பு ஏன் வாய் திறக்கவில்லை என்று ஒருவர் கேட்கிறார், நியாயமான கேள்வி. கைகள் மறுபடி உயர்கின்றன, வெர்னருடையதும். தீர்மானம் நிறைவேறுகிறது. அடுத்த குளிருக்கு என் வாசலில் பனி அப்படியே கிடக்கிறது.

மூன்றாவது. எனக்குக் காய்ச்சல். கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தபடி இந்தக் கதையை எழுதி முடிக்கிறேன். குட்ருன் எழுந்து ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். மண்டபம் அமைதியில்...

மூன்றாவதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மிச்சமுள்ள இரண்டில் எதை வேண்டுமானாலும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டிலும் நான் எழுந்து நிற்கிறேன்.