நாள் தள்ளிப் போச்சு

அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு மையத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பெண் தொலைபேசியில் பேசினாலும் நோட்டில் அவள் பெயரை எழுதக் கூடாது. சட்டம் போட்டவள் மையத்தை நடத்தும் நர்ஸம்மா. சும்மா போடவில்லை. நான்கு வருடம் முன்பு ஒரு புருஷன்காரன் மூன்று மாடி ஏறி வந்தான். மேஜைமேல் திறந்து கிடந்த நோட்டில் தன் பெண்டாட்டி பெயரைப் பார்த்தான். நேரே வீட்டுக்குப் போய் அவள் கையை ஒடித்துப் போட்டுவிட்டான். அன்றைக்கே நர்ஸம்மா பழைய நோட்டைக் கொளுத்தினாள். "இனிமே விஷயத்தை மட்டும் எழுது, ஆளை மண்டைக்குள்ள வச்சுக்கோ" என்று போன் எடுக்கும் முன்மேஜைக்காரியிடம் சொல்லிவிட்டாள்.

முன்மேஜைக்காரிக்கு ரேடியோ என்று பெயர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ஆனால் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டால் கடைந்தெடுத்த கஞ்சம். ஒரு வரிக்கு மேல் எழுதினால் விரல் தேய்ந்துவிடும் என்று நினைப்பு.

மையத்துக்கு வந்த வினை வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும், மாத்திரையும், ஆணுறையும் வெளிநாட்டு உதவியில் ஒரே பெட்டியில் வந்துகொண்டிருந்தன. "அந்நியன் காசில் நம் வீட்டுத் தொட்டிலை எண்ணுவதா?" என்று சட்டசபையில் ஒரு மகானுபாவர் எழுந்து கேட்டார். மேஜையைத் தட்டினார்கள். உதவியை வாங்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழுவைப் போட்டார்கள். அதுவரை பெட்டி வரக் கூடாது என்று உத்தரவு. பத்து மாதம் ஓடிவிட்டது. ஏழு பேரும் ஆண்கள். பிரசவ வலி எப்படி இருக்கும் என்று கேட்டால் தங்கள் பல்வலியைச் சொல்லக் கூடியவர்கள்.

நர்ஸம்மா ஏழு வீட்டுப் படியும் ஏறினாள். ஒருவர் மனுவை வாங்கி, படிக்காமலே விசிறிக்கொண்டார். இன்னொருவர், "வளர்க்க வக்கில்லாதவங்க அடக்கமா இருக்கணும்மா" என்றார். "அந்த அடக்கத்தை அவங்க வீட்டுக்காரங்ககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க ஐயா, என் பேச்சை யார் கேக்கறாங்க" என்றாள் நர்ஸம்மா. அவர் அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார். குழுத் தலைவர் மட்டும் கொஞ்சம் மனுஷராக இருந்தார்.

"காகிதம் நூறு வரும்மா, எவனும் படிக்க மாட்டான். ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அவ வாயால சொல்லட்டும். மத்த ஆறு பேரை நான் வழிக்குக் கொண்டு வர்றேன்" என்றார்.

நர்ஸம்மாவின் மனதில் உடனே வந்தவள் மடிப்புக்காரி. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை மடிப்பவள். மூன்று பிள்ளைகள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. மூன்றாவது பிரசவத்திலேயே எமன் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். "இன்னொண்ணு தங்கினா ரெண்டு உசிரும் தங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை அவளுக்கு ஆகாது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. அந்த ஊசி ஒன்றுதான் அவளுக்கும் சாவுக்கும் நடுவே இருந்த கதவு. கடைசி ஊசியின் காலம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. புருஷன் லாரி ஓட்டுபவன். நல்லவன்தான், கை நீட்ட மாட்டான். ஆனால் மாதத்தில் நாலு நாள் வீட்டுக்கு வருகிறவனிடம் எத்தனை முறை முடியாது என்று சொல்வாள்?

"நான் பேசறேன் சிஸ்டர்" என்றாள் மடிப்புக்காரி. "எனக்குப் படிப்புதான் இல்லை. வாய் இருக்கு."

விசாரணை அடுத்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி என்று கடிதம் வந்தது. நர்ஸம்மா அவளிடம் தேதியைச் சொல்லி, கூடவே ஒன்றும் சொன்னாள். "இந்த மாடியெல்லாம் ஏறி வராதே, நெஞ்சு தாங்காது. எதுன்னாலும் போன் பண்ணு. நான் பதில் சொல்லி அனுப்பறேன்."

நல்ல எண்ணத்தில் சொன்ன வார்த்தைதான் அது, வேறென்ன சொல்ல.

நர்ஸம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது. உதவி வேண்டும் என்று கேட்கும் ஐயாயிரம் பெண்களின் கையெழுத்தோடு போய் நிற்க வேண்டும். கையில் இருந்தது இரண்டாயிரம்கூட இல்லை. அதனால் விசாரணையை ஒரு மாதம் தள்ளி வைக்கும்படி குழு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். ஒரு சாயங்காலம் கையெழுத்து வாங்கப் போன இடத்திலிருந்து கால் வீங்கித் திரும்பி வந்தபோது மையத்தில் யாரும் இல்லை. ரேடியோ தம்பி கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தாள். நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே ஒரே வரி.

நாள் தள்ளிப் போச்சாம். சொல்லச் சொன்னாங்க.

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தாள் நர்ஸம்மா. கேட்டது கிடைத்துவிட்டது. ஊர்ஜிதம் செய்ய குழு அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் போட்டாள். எடுக்கவில்லை. வாங்கின வரத்தைச் சரிதானா என்று யார் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்? அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டாள்.

மறுநாள் காலையில் சலவைக்கூடத்துக்குப் பேசினாள். வேலை நேரத்தில் பெண்களைப் போனுக்குக் கூப்பிட மாட்டார்கள். மேஸ்திரிதான் எடுத்தான்.

"மடிப்புல நிக்கற பொண்ணுகிட்ட ஒரு சேதி சொல்லிடுங்க. நாள் தள்ளிப் போச்சுன்னு எனக்குச் சேதி வந்துடுச்சுன்னு சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்லை, பயப்பட வேண்டாம், நானே கூப்பிடறேன்."

மேஸ்திரி பிசகாமல் சொன்னான். அந்த ஒரு காரியத்தில் அவன்மேல் குறை சொல்லவே முடியாது.

ரேடியோ கல்யாணக் கதையோடு திரும்பி வந்தாள். "விசாரணை நாள் தள்ளிப் போயிருக்கு" என்று நர்ஸம்மா சொன்னதும், "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, பந்தியில் இடம் பிடிக்க நடந்த சண்டையைத் தொடர்ந்தாள். நோட்டில் தான் எழுதிய வரிக்கு டிக் விழுந்திருந்ததையும் பார்த்தாள். சரி, அந்தப் பெண்ணை சிஸ்டர் கவனித்துவிட்டார்கள் என்று விட்டுவிட்டாள். இரண்டு பேர் வாயிலும் ஒரே வார்த்தை. ஒருத்தி தேதியை நினைத்தாள், ஒருத்தி தீட்டை நினைத்தாள்.

ஐந்து வாரம் போனது. கையெழுத்து நாலாயிரத்தைத் தாண்டியது. புதுத் தேதி இன்னும் வரவில்லையே என்று நர்ஸம்மா யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் அடித்தது. குழு அலுவலக எழுத்தர்.

"என்னம்மா, இன்னிக்கு ஏன் வரலை?"

"இன்னிக்கா? நாள் தள்ளிப் போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நாங்க எங்க சொன்னோம்? உங்க கடிதத்தை அன்னிக்கே தள்ளுபடி பண்ணிட்டாங்க, தபால்ல போட்டிருக்கோமே." அந்தத் தபால் வரவே இல்லை. "சாட்சி சொல்ல யாரும் முன்வரலைன்னு குறிப்பு எழுதி முடிச்சுட்டாங்கம்மா. தலைவர் ஒரு மணி நேரம் இழுத்துப் பார்த்தார். என்ன பண்றது? உதவி வேண்டாம்னு தீர்மானம் ஆயிடுச்சு." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. காலையில இருந்து வாசல்ல ஒரு பொண்ணு நின்னுட்டிருந்துது. நர்ஸம்மா வருவாங்க, நாங்க பேசணும்னு சொல்லிட்டே இருந்துதாம். அனுமதிச் சீட்டு இல்லைன்னு காவலர் விடலை. வெயில்ல விழுந்துடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

நர்ஸம்மா ரேடியோவைக் கூப்பிட்டாள். நோட்டை எடுத்து அந்த வரியைக் காட்டினாள்.

"இது யார் சொன்னது?"

"ஒரு பொம்பளை. சின்னக் குரல்" என்றாள் ரேடியோ. "பேரைச் சொல்ல வந்துது சிஸ்டர். பேரெல்லாம் வேண்டாம்மா, சிஸ்டருக்குத் தெரியும்னு நான்தான் தடுத்தேன்."

நர்ஸம்மா நோட்டை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் மடிப்புக்காரி மூக்கில் பிராணவாயுக் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. டாக்டர் நர்ஸம்மாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். "மூணு மாசம் ஆகப் போகுது. ஒரு மாசம் முன்னாடி கொண்டு வந்திருந்தா கலைச்சு இவளைக் காப்பாத்தியிருக்கலாம். இப்போ தொட்டாலும் போயிடும், விட்டாலும் போயிடும். ரெண்டு நாள் தாண்டறது கஷ்டம்."

நர்ஸம்மா கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும் மடிப்புக்காரியின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா. எங்கேயோ மாட்டிக்கிட்டீங்கன்னு நினைச்சேன். நானே பேசிடலாம்னு பார்த்தேன் சிஸ்டர், உள்ளே விட மாட்டேன்னுட்டான். எல்லாம் மனப்பாடமா வச்சிருக்கேன். திரும்ப எப்போ கூப்பிடுவாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ நோயாளிகளிடம் சொன்னவள்தான். இவளிடம் வாய் வரவில்லை. விசாரணை முடிந்துவிட்டதைச் சொன்னாள். நோட்டைச் சொன்னாள், பெயர் இல்லாத வரியைச் சொன்னாள், அதைத் தன் ஆசைக்கு வளைத்துப் படித்ததைச் சொன்னாள். மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பியது எந்த நாளைப் பற்றி என்பதையும் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

மடிப்புக்காரி சாய்விலிருந்து நிமிர்ந்தாள்.

"அப்போ உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"நான் எங்க அக்காகிட்டகூடச் சொல்லலை. வீட்டுக்காரர் வந்தப்போ அவர்கிட்டயும் சொல்லலை. சிஸ்டருக்குத் தெரியும், அவங்க பார்த்துக்குவாங்கன்னு இருந்துட்டேன்." மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி சொன்னாள். "அஞ்சு வாரமும் நல்லாத் தூங்கினேன் சிஸ்டர்."