ஐந்தாவது வாசல்

கேட்டவுடன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதே இந்தக் கணினி, என்னை யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா?

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினி பாதுகாப்பாக இருக்கிறதா என்று அங்குள்ள டாக்டரம்மாவுக்குக் காட்ட அவள் எழுதிய சின்ன நிரல். வெளியுலகத்தோடு பேச உன்னிடம் என்னென்ன வாசல்கள் இருக்கின்றன என்று இயங்குதளத்திடம் ஒரே கேள்வி. அது ஒப்பித்தது. கேபிள் செருகிய வாசல். வைஃபை. கேபிளே இல்லாமல் தூசி படிந்த இன்னொன்று. அதையும் மறக்காமல், இருக்கிறது, ஆனால் ஓடவில்லை என்றது. பிறகு லூப்பேக். எல்லாக் கம்பிகளையும் பிடுங்கினாலும் கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வாசல். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பேருந்திலும் அடுப்படியிலும் தனக்குள் அவள் ஓயாமல் பேசும் பேச்சுக்கு, இந்த இயந்திரத்துக்குள் முகவரியே கொடுத்திருக்கிறார்கள்!

ஐந்தாவது வரியில் கண் நின்றது. நெட்வொர்க் அட்டையும் கம்பியும் இல்லாமல், வெளியிலிருந்து உள்ளே வர மென்பொருளால் போட்ட சுரங்கவழி.

"அண்ணா, இத யாரு போட்டது?"

கணினிப் பராமரிப்பு நிறுவனம் நடத்தும் அண்ணன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தான். காதைச் சொறிந்தான்.

"நான்தான். ஒவ்வொரு கோளாறுக்கும் ஓட முடியுமா? வீட்ல இருந்தே சரி பண்ணலாம்னு போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

"ஈ எறும்பு கூட நுழையாதுன்னு டாக்டரம்மாகிட்ட அடிச்சுச் சொன்னியே?"

"ஈயா நுழைஞ்சுது? நான்தானே!"

அவள் சிரிக்கவில்லை. எத்தனையோ பேர் வீட்டில்கூடச் சொல்லாத பரிசோதனை முடிவுகள் அந்தக் கணினியில் இருந்தன.

"குட்டிம்மா, டாக்டரம்மா இப்ப வந்துடுவாங்க. இந்தப் பட்டியலப் பாத்தாங்கன்னா நம்ம ஒப்பந்தம் போச்சு. கேபிளையும் வைஃபையையும் மட்டும் காட்டுற மாதிரி ஒரு வரி சேத்துடு. நான் கை வச்சா நிரலே படுத்துக்கும். உனக்கு ஊதித் தள்ளுற வேலை."

ஊதித் தள்ளுகிற வேலைதான். இயங்குதளம் ஐந்தையும் சொல்லும், அவள் நிரல் மூன்றை விழுங்கிவிடும். தூசி படிந்த வாசலைக்கூட விடாமல் சொன்ன வாயை நான் பொத்துவதா?

வெளிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"சீக்கிரம்டா," என்றான் அண்ணன்.

"அவங்க பாக்கட்டும்ணா. அப்புறம் அவங்க முன்னாடியே மூடிடலாம்." குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. "அந்த வரிய நான் எழுத மாட்டேன்."