மூலை வீட்டுச் சுவர்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று என் அண்ணி குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. சொல்லிவிட்டுப் போகட்டும். அன்று காலை அவர் வீட்டு மூலைச் சுவரைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது.

சுவர் பளிச்சென்று இருந்தது. மேலிருந்து கீழாக ஓடிய விரிசலைக் காணோம். விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடிப் பட்டையையும் காணோம். புதிதாக வெள்ளையடித்து, குடிபுகப் போகிற வீடு மாதிரி வைத்திருந்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் அரசாங்க இன்ஜினியர் வந்து, எங்கள் கட்டடம் எவ்வளவு கெட்டுப் போயிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடப் போகிறார்.

அரசாங்கத்தின் மானியத் திட்டம் அது. இடிந்துகொண்டிருக்கும் வாடகைக் குடியிருப்புகளையும், செத்துக்கொண்டிருக்கும் சின்ன ஊர்க் கடைத்தெருக்களையும் சேர்த்துத் தூக்கி நிறுத்துவார்களாம். எங்கள் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. நான் தையல் கடை வைத்திருக்கும் தெருவில் பாதி ஷட்டர்கள் துருப்பிடித்துப் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் கடைகளில் நாங்கள் ஈ ஓட்டுகிறோம். ஆனால் இதே லட்சணத்தில் இன்னும் எத்தனையோ ஊர்கள் வரிசையில் நிற்கின்றன. எந்தக் கட்டடம் அதிகம் கெட்டிருக்கிறதோ அதற்குத்தான் பணம். தோற்பவனுக்குப் பரிசு கொடுக்கும் பந்தயம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அலுவலகம் அலுவலகமாக ஏறிச் சண்டை போட வேறு யாருக்கும் வாய் இல்லை என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் மனுவுக்கு உயிரே அண்ணி வீட்டு விரிசல்தான். போன வருடம் வேறொரு இன்ஜினியர் வந்து, விரிசலின் இரண்டு பக்கமும் சிமெண்ட் பொட்டு வைத்து, குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை ஒட்டி, அதில் தேதியும் எழுதிவிட்டுப் போனார். சுவர் நகராமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். நகர்ந்தால் உடையும். அவ்வளவுதான் கணக்கு. அது உடைந்துவிட்டதா என்று நானும் அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் வேலை நெருக்கியதால் கொஞ்ச நாளாக மாடி ஏறவில்லை. அந்த இடைவெளியில்தான் இது நடந்திருக்கிறது.

யார் வேலை என்று கேட்கத் தேவையே இல்லை. என் கணவர் பூச்சு வேலைக்காரர். அவர் பூசிய சுவரில் கை வைத்தால் வழுக்கும். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஓடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி.

"கண்ணாடி எங்க?" என்றேன்.

"உள்ளதான் இருக்கு. எடுக்கல. மேலயே பூசிட்டேன்."

"உடைஞ்சிருந்துச்சா?"

அவர் மென்று விழுங்கினார். உடைந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

அண்ணி குறுக்கே வந்து நின்றார். அவர்தான் அழுது புரண்டு தம்பியைப் பூச வைத்தது. காரணம் கேட்டேன். எனக்குத் தெரிந்த காரணம்தான். இதே குடியிருப்பிலிருந்த மூன்றாம் பிளாக்கை முன்பு இதே மாதிரி ஆபத்து என்று சொல்லித்தான் காலி செய்ய வைத்தார்கள். புதிதாகக் கட்டியதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். கட்டினார்கள். அழகாகத்தான் கட்டினார்கள். ஆனால் பழைய ஆட்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் சிதறிப் போனார்கள். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன் என்று அண்ணி கட்டிலைக் காட்டினார்.

கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்த படுக்கையானவர். ஜன்னல் அந்த மூலையில் இருப்பதால் கட்டிலும் அங்கேதான், சுவரை ஒட்டி. கையை நீட்டினால் விரிசல் இருந்த இடத்தைத் தொடலாம். அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அதிகம் பேசாதவர். அண்ணிக்கு வாழ்க்கைப்பட்டவர் வேறு எப்படி இருக்க முடியும்?

ஆபத்து இவருக்குத்தானே, இவர் தலைமாட்டிலேயே இதை மூடி வைப்பீர்களா என்று நான் ஆரம்பித்தேன். மானியம் கிடைத்தால்தானே இந்தச் சுவருக்கு விடிவு, இன்றைக்கு விட்டால் அடுத்து எந்த ஜென்மத்தில் வருவார்கள் என்றேன். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரே பாட்டு: சுவர் விழும்போது விழட்டும், வீடு கையில் இருக்கட்டும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

இன்ஜினியர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். காலில் தூசு படிந்த ஷூ, தோளில் ஒரு பை, கையில் சின்னச் சுத்தியல். மற்ற வீடுகளைப் பார்த்து முடித்திருந்தார். அங்கேயும் இதே கூத்துதான் நடந்திருக்கிறது. பெரிய அதிகாரி வருகிறார் என்று எல்லோரும் தரையைக் கழுவி, ஒழுகும் இடத்தில் காலண்டர் மாட்டி, அரித்துப்போன கதவுக்குத் திரை போட்டு வைத்திருந்தார்களாம். நான் வீடு வீடாகப் போய் எதையும் மறைக்காதீர்கள் என்று தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் வெளியாள் வரும்போது வீட்டை அலங்கோலமாகக் காட்ட எங்கள் ஆட்களுக்குக் கை வராது. மதிப்பெண் குறைவாகத்தான் வருகிறது, இந்த வீட்டைத்தான் நம்பியிருக்கிறேன் என்று இன்ஜினியரே என்னிடம் சொன்னார். அவருக்கும் எங்கள் மேல் இரக்கம் இருந்தது. ஆனால் பார்த்ததைத்தானே அவர் எழுத முடியும்?

அவர் மூலைச் சுவரின் முன்னால் நின்றார். பையிலிருந்த பழைய குறிப்பைப் பார்த்தார்.

"இங்க கண்ணாடி ஒட்டினதா இருக்கே?"

"விழுந்துடுச்சும்மா. அப்பவே விழுந்துடுச்சு," என்றார் அண்ணி. கொஞ்சமும் தடுமாறவில்லை.

இன்ஜினியர் விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். ஒரு இடத்தில் சத்தம் வேறு மாதிரி கேட்டது. இன்னொரு முறை தட்டினார். புதுப் பூச்சா என்று கேட்டார். வெள்ளை மட்டும் அடித்தோம் என்று என் கணவர் தரையைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அவருக்குச் சரியாக வரவில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

இன்ஜினியர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். குடியிருப்பவர்கள் சம்மதம் இல்லாமல் பூச்சை உடைத்துப் பார்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். கண்ணாடி இல்லாவிட்டால் சுவர் நகர்கிறது என்று தன்னால் எழுத முடியாது. எழுதாவிட்டால் இந்தக் கட்டடம் தேறாது. மானியம் வேறு ஊருக்குப் போய்விடும். இதைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தபடியே சற்று நேரம் காத்திருந்தார்.

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. உள்ளே கண்ணாடி இருக்கிறது, அது உடைந்திருக்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். இத்தனை மாதம் நான் நடையாய் நடந்ததெல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தான். ஆனால் அண்ணியின் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நான் சொல்லி அவர்கள் வெளியேறி, மூன்றாம் பிளாக் ஆட்கள் மாதிரி எங்கோ போய்விட்டால், அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டு போய்க் கரைப்பேன்? சொல்லாமல் இருந்து, ஒருநாள் அந்தச் சுவர் அண்ணா மேல் சாய்ந்தால்? எனக்குப் பயமாக இருந்தது. வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள், திறந்த வாயை மூடாமல் நின்றேன்.

இன்ஜினியர் பேனாவை எடுத்து எதையோ எழுதிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தார். கதவை நோக்கித் திரும்பினார்.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றார் கட்டிலில் இருந்த அண்ணா. "வீடு யாரு பேர்ல இருக்கு?"

இன்ஜினியர் பழைய குறிப்பைப் பார்த்தார். "உங்க பேர்லதான் இருக்கு."

"அப்ப என் சம்மதம் போதும்ல? உடைங்க."

அண்ணி ஒரே பாய்ச்சலில் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு என்ன தெரியும், மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று இன்ஜினியரிடம் சொன்னார். பிறகு குரல் உடைந்து கணவரிடம், கொஞ்சம் சும்மா இருங்கள், உங்களுக்காகத்தான் இத்தனையும் செய்கிறேன் என்றார்.

அண்ணா அவர் கையைப் பிடித்தார்.

"தெனமும் ராத்திரி உள்ள பொடி உதிருது. எனக்குக் கேக்குது. எங்காதுகிட்டதானே இருக்கு. நீ தள்ளி நில்லு."

அண்ணி அவரையே பார்த்தார். என்ன நினைத்தாரோ, தள்ளி நின்றார்.

என் கணவர் யாரும் சொல்லாமலே இன்ஜினியரிடமிருந்து சுத்தியலை வாங்கினார். தான் பூசிய இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்க அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று, அவ்வளவு சுத்தமான வேலை. ஓரத்தில் மெல்லத் தட்டினார். உள்ளே சுவரை விட்டு ஏற்கெனவே விலகியிருந்த பூச்சு ஒரு பாளமாகக் கழன்று விழுந்தது.

கண்ணாடி இருந்தது. தேதியும் இருந்தது. ஆனால் பட்டை இரண்டாகப் பிளந்து, நடுவில் என் கட்டைவிரல் போகும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. என் கணவரின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் பூசும்போது இது நூல் அளவுதான் இருந்தது என்று முணுமுணுத்தார். ஒருமுறை அல்ல, மூன்று நான்கு முறை அதையே சொன்னார்.

இன்ஜினியர் எதையும் எழுதவில்லை.

"மொதல்ல கட்டில எடுங்க," என்றார்.

நால்வரும் ஆளுக்கொரு மூலை பிடித்தோம். வாசலைத் தாண்டும்போது உள்ளே சரசரவென்று எதுவோ உதிர்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வராந்தாவின் மறுகோடி வரை தூக்கிக்கொண்டு போய்த்தான் இறக்கினோம். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்த மூலையில் மேலும் கீழும் உள்ள வீடுகளை அன்றே காலி செய்ய உத்தரவாயிற்று. இனி இந்தக் கட்டடத்துக்கு மானியம் கிடைக்காமல் போகாது என்று இன்ஜினியர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் கோபம்தான் வந்தது, நல்லவேளையாக. படி இறங்கும் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். இவர்கள் இந்த வீட்டில் குடியிருந்தவர்கள், கட்டி முடித்ததும் இதே குடியிருப்பில் இவர்களுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் கீழே இறங்க முடியாது என்றேன். அது தன் வேலை இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். சுவர் உங்கள் வேலை என்றால் சுவருக்குப் பக்கத்தில் படுத்திருப்பவரும் உங்கள் வேலைதான் என்றேன். அவர் அண்ணியைப் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்துக்கு நாளைக்கு என்ன மரியாதை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாராவது இல்லை என்று சொல்லட்டும், அதற்கும் ஒரு சண்டை வைத்திருக்கிறேன்.

அண்ணி எங்கே போவது என்று கேட்கவில்லை. நானும் வாருங்கள் என்று அழைக்கவில்லை. கட்டடத்தின் அடுத்த கோடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனோம், அவ்வளவுதான். வந்ததும் வராததுமாக அண்ணி என் சமையலறையைப் பார்த்து முகம் சுளித்தார். துணிமணிகளை இப்படியா குவித்து வைப்பது என்றார். ஊர் சிரிக்கப் போகிறது, ஒரே கூரையின் கீழ் நாங்கள் இரண்டு பேரும்.

கட்டிலை நடு அறையில், எந்தச் சுவரிலும் படாமல் போட்டோம். மாலைக்குள் கொடுக்க வேண்டிய துணி ஒன்று பாக்கி இருந்ததால் நான் மெஷினில் உட்கார்ந்தேன். அண்ணி தலையணை உறையை உதறிக்கொண்டு, என்னங்க, வெளிச்சம் போதுமா, ஜன்னல் பக்கம் தள்ளட்டுமா என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார்.

அண்ணா தூங்கிவிட்டிருந்தார். நட்ட நடுப் பகலில், பாத்திரங்கள் இறக்கும் சத்தத்துக்கு நடுவில், வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணி உறையைக் கையில் பிடித்தபடி அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தூங்கவே இல்ல இவரு," என்றார். "பூசுன நாள்லேர்ந்து தூங்கவே இல்ல. விழுந்தா என்னை எழுப்பணும்னு காவல் காத்திருக்காரு. நான் பக்கத்துலயே கொறட்ட விட்டுக்கிட்டு கெடந்திருக்கேன்."

நான் குனிந்து துணியை ஊசிக்குக் கீழே சரிசெய்துகொண்டு மிதிக்கப் போனேன்.

"மெஷின ஓட்டாத. எந்திரிச்சிடுவாரு," என்றார் அண்ணி, எப்போதும் போல அதட்டலாக.

என் வீடு, என் மெஷின், மாலைக்குள் கொடுக்க வேண்டிய துணி. காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டேன்.