கடல் தெரியும் மூன்றாம் மாடி

"உன் இஷ்டம்மா" என்றார் மாமனார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீயே பார்த்துச் செய். எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் மாமியார்.

கணவன் இன்னும் ஒரு படி மேலே போய், "உனக்குப் பிடிச்சா எனக்குப் பிடிச்ச மாதிரி" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

மருமகள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் அங்கே "உன் இஷ்டம்" என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. என் மனதில் இருப்பதை நீயாகவே கண்டுபிடி. தப்பாகக் கண்டுபிடித்தால் வாய் ஒன்றும் சொல்லாது, முகம் சொல்லும். யாரும் வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டு அவள் பார்த்ததில்லை. தட்டில் கடைசியாக மிஞ்சும் கேக் துண்டை நீ எடு, நீ எடு என்று சொல்லிச் சொல்லியே காய விடுகிற குடும்பம் அது.

மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதைக் கொண்டாட ஒரு பயணம். கோட்டைச் சுவரும் கலங்கரை விளக்கமும் கப்பல் வியாபாரிகள் கட்டிய மாடி வீடுகளும் உள்ள ஒரு பழைய துறைமுக நகரம். ஹோட்டல் வேண்டாம், ஐந்து பேரும் சேர்ந்து தங்க ஒரு வீடு பிடிக்கலாம் என்பது வரை முடிவாகியிருந்தது. ஐந்தாவது ஆள் மாமனாரின் அக்கா. நாலு தெரு தள்ளி ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்ததால், அவருக்குக் குடும்பத்தில் "மூணாம் மாடி" என்றே பெயர். வீடு பிடிக்கும் வேலை மட்டும் மருமகள் தலையில் விழுந்தது. நாள் முழுக்க போனில் பேசுகிறவள் அவள்தானே! ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார்களைக் கேட்கும் வேலை அவளுக்கு. நடு மாடியில் நின்றுபோன பெட்டிக்குள்ளிருந்து கத்துகிறவர்களிடம், "மூச்சை மெதுவா விடுங்க சார், ஆள் கிளம்பியாச்சு" என்று சொல்லிச் சொல்லியே பழகியிருந்தாள்.

தேடித் தேடி இரண்டு வீடுகள் தேறின. ஒன்று தரைத்தளம், பேருந்து நிலையத்துக்குப் பக்கம். பளபளவென்று டைல்ஸ், புது கட்டில்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் அதில் ஒரு தண்ணீர் மோட்டாரும். மற்றது கோட்டைக்குள். நீளமான ஒரு ஜன்னல், அதன் அடியில் உட்காருவதற்கு மரப் பலகை, பலகைக்கு அப்பால் கடல். அந்தப் படத்தை அவள் எத்தனை முறை திறந்தாளோ! வீட்டுக்கார அம்மாவுக்கு போன் போட்டாள்.

"படத்துல இருக்கிற மாதிரியே இருக்குமாம்மா?"

"சுவர் இருக்காது" என்று சிரித்தார் வீட்டுக்கார அம்மா. "உப்புக் காத்துல அங்கங்க உரிஞ்சிருக்கு. அலமாரியை நகர்த்தி மறைச்சு எடுத்துட்டான் என் மருமகன்."

"தண்ணி?"

"குழாயைத் திறந்தா முதல்ல இருமும். அப்புறம் வரும்."

"கடல் நிஜமாவே தெரியுமா, எட்டிப் பார்க்கணுமா?"

"எதுக்கு எட்டணும்? படுத்துக்கிட்டே பாரு. ராத்திரி பூரா சத்தமும் கேக்கும். தூக்கம் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு பேர் குறை எழுதியிருக்காங்க."

அதையும் ஒரு குறை என்று எழுதியிருக்கிறார்களே என்று மருமகளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கற்குவாரிகளுக்கு நடுவே வளர்ந்தவள் அவள். கடலைப் பார்த்ததே பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை. கால் நனைவதற்குள் ஆசிரியர் விசில் ஊதிவிட்டார். அலைச் சத்தத்தில் ஒரு ராத்திரியாவது தூங்க வேண்டும் என்பது அன்றிலிருந்து இருந்த ஆசை.

"படி?" என்று கேட்டாள், பதிலைக் கேட்கப் பயந்துகொண்டே.

"அங்கதான் உதைக்குது. மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. மரப்படி, செங்குத்தா போகும். நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் உனக்காக வச்சிருக்கேன். இன்னொரு குடும்பம் நச்சரிச்சுக்கிட்டே இருக்கு."

அவ்வளவுதான், ஆசையில் மண். மாமியாரின் முட்டி வலி அந்த வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி குடியிருந்தது. அதற்கென்று தனி நாற்காலி, தனித் தைலம், மகன் வாங்கிக்கொடுத்த முட்டி உறை. நாலு தெரு தள்ளியிருக்கும் மூணாம் மாடி வீட்டுக்கு அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவரைப் போய் மரப்படியில் ஏறு என்பதா?

ராத்திரி சாப்பாட்டின்போது, "கீழ் வீடே வசதி" என்று சொன்னாள். எல்லோரும் ரொம்ப நல்லது என்று தலையாட்டினார்கள். மாமியார் மட்டும், "இன்னொண்ணைக் காட்டு" என்று போனை வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, கீழ் வீடே இருக்கட்டும். உன் இஷ்டம்" என்று திருப்பிக் கொடுத்தார். முகம் வேறு ஏதோ சொன்னது.

மறுநாள் சனிக்கிழமை. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாமியார் காலி ஜாரை மிக்ஸியில் மாட்டி ஓடவிட்டார். அந்த இரைச்சலில் காதருகே குனிந்து, "மேல் வீட்டையே புக் பண்ணு" என்றார்.

"அத்தை, உங்க முட்டி?"

"முட்டிக்கு என்ன கேடு? இரும்பு மாதிரி இருக்கு." சொன்னதோடு நிற்காமல் ஸ்டூலில் விறுவிறுவென்று ஏறி, மேல் தட்டிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஒரே எட்டில் இறங்கினார். மருமகள் கையிலிருந்த கரண்டி தொட்டியில் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆனா அண்ணி வீட்டுக்குப் போகணும். போனா அவங்க பையன் வெளிநாட்டிலிருந்து அனுப்பின போட்டோவை டிவியில போட்டுக் காட்டுவாங்க. ஒரே பாலம்டி. பாலத்துக்கு முன்னாடி, பாலத்துக்குப் பின்னாடி, மழையில பாலம். தாங்க முடியாம ஒரு நாள் முட்டி வலின்னு சொல்லிட்டேன். ஒரு வாரத்துக்குன்னுதான் சொன்னேன்! உன் மாமனார் தைலத்தோட வந்துட்டாரு. பையன் உறையோட வந்துட்டான். அவ்வளவு பாசத்தைப் பார்த்தப்புறம் வலி போச்சுன்னு எந்த மூஞ்சியோட சொல்றது?"

"ஆனா அங்க லிஃப்ட் போட்டாச்சே அத்தை. எங்க கம்பெனிதான் போட்டது."

"போட்டீங்களே, மகராசிங்க! அதுக்கப்புறம்தான் லிஃப்ட்டுல போனா தலை சுத்துதுன்னு ஆரம்பிக்க வேண்டியதாச்சு."

மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமியாரும் சிரித்துவிட்டு, முகத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "அந்த ஜன்னல்ல உட்கார்ந்து ஒரு டீ குடிக்கணும். யாரும் எதையும் காட்டாம. ஆனா நான் கேக்க முடியாது. கேட்டா, என் வீட்டுப் படி மட்டும்தான் உனக்கு வலிக்குமான்னு அண்ணி கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. நீ கேளு."

"நானா?"

"உனக்கும் அதுதானே வேணும்? நேத்து அந்தப் படத்துகிட்ட வந்ததும் உன் விரல் நகரவே இல்லையே. எனக்கு வேணும்னு சொல்லு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

"என்னம்மா அரைக்கிறீங்க?" என்று கூடத்திலிருந்து மகன் குரல் கொடுத்தான்.

"ஒண்ணுமில்லடா" என்றார் மாமியார்.

சாயந்திரம் மூணாம் மாடி வந்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். "என்னம்மா, வீடு முடிவாச்சா?"

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். மாமியார் பின்வாங்கிவிட்டால்? வந்து ஒரு வருடத்துக்குள் மாமியார் காலை உடைக்கப் பார்த்த மருமகள் என்ற பெயர் காலத்துக்கும் நிற்கும். மூச்சை மெதுவாக விட்டாள்.

"எனக்கு மேல் வீடு வேணும்."

மாமனாரின் செய்தித்தாள் தாழ்ந்தது. "அம்மா முட்டி?" என்றான் கணவன். "நல்ல கதை! மாமியாரை மரப்படியில ஏத்தப் போறியா?" என்றார் மூணாம் மாடி.

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். இனி விழுங்க முடியாது. "அத்தைக்குக் கஷ்டம்னு தெரியும் பெரிய அத்தை. ஆனா எனக்கு அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கணும். சின்ன வயசிலிருந்து ஆசை. நீங்க எல்லாரும் என் இஷ்டம்னு சொன்னீங்க. இதான் என் இஷ்டம்."

பேசி வைத்தது ஒரே ஒரு வரிதான். மற்றதெல்லாம் தானாக வந்து விழுந்தது. மாமியார் நிமிர்ந்து பார்த்த பார்வையில், சமையலறையில் போட்ட திட்டத்தில் இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வந்ததிலிருந்து இந்தப் பொண்ணு வாயைத் திறந்து ஒண்ணு கேட்டதில்ல. முட்டி போனா போகுது. நான் ஏறுறேன்."

"எப்பவும் இடது முட்டின்னுதானே சொல்லுவே?" என்றார் மூணாம் மாடி. "வலதைப் பிடிச்சிருக்கே."

"இப்ப ரெண்டும் அண்ணி" என்றார் மாமியார், இமை கொட்டாமல்.

மூணாம் மாடி அவருடைய இரண்டு முட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மருமகளுக்காக இவ்வளவு செய்யறியே, உன்னை மாதிரி யாரு வருவா? ஆனா திடீர்னு மூணு மாடி ஏறினா உடம்பு தாங்குமா? முன்கூட்டியே பழகிக்கணும். நாளையிலிருந்து தினம் என் வீட்டுக்கு வா. லிஃப்ட் வேண்டாம், உனக்குத் தலை சுத்தும். படியிலயே ஏறு. மேல வந்து சோபாவுல உட்கார்ந்து நிதானமா இளைப்பாறு. பையன் நிறைய போட்டோ அனுப்பியிருக்கான்."

அந்த முகத்தில் இருந்தது பாசமா, பழிவாங்கலா என்று மருமகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. யாராவது மனம் மாறுவதற்குள் வாசலுக்கு ஓடி வீட்டுக்கார அம்மாவைப் போனில் கூப்பிட்டு, முன்பணத்தையும் அனுப்பினாள். "ஜன்னலோரமா ஒரு கட்டில்தான் இருக்கு, சண்டை போட்டுக்காதீங்க" என்றார் அவர்.

"ஒரு ராத்திரி எனக்கு, ஒரு ராத்திரி எங்க அத்தைக்கு" என்றாள் மருமகள். யாரையும் கேட்காமல் தானே முடிவு செய்துவிட்டோம் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் படியேறினார்கள். முதல் மாடி வரை மாமியார் துள்ளிக்கொண்டு போனார். மேலேயிருந்து, "அவசரமில்ல, மெதுவா வா!" என்று குரல் கேட்டதும், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முனக ஆரம்பித்தார்.

"டிவி போட்டாச்சு போல, சத்தம் கேக்குது" என்றாள் மருமகள்.

"நீ எங்க போறே? நீயும்தான் உட்காரணும்."

"எனக்கு வேண்டாம் அத்தை."

மாமியார் நின்று, அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு நாள்ல வாயைத் திறந்து சொல்ல நல்லாப் பழகிட்டியே" என்று சொல்லி, அவள் கையைக் கெட்டியாகப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினார்.