புகை குறைந்த பாதை

லாரி நிறுவனத்தில் வண்டிகளுக்குப் பாதை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. புதுச் சட்டம் வந்த பிறகு அவள் எழுத ஒன்றுமில்லை. எந்த வழியில் போனால் புகை குறைவு என்று கணினியே சொல்லிவிடும். மீறினால் நிறுவனத்தின் உரிமம் போகும்.

கல்குவாரியை ஒட்டிய சாலைதான் குறுக்குவழி. நாற்பது லாரிகளும் அதில்தான் போய் வந்தன. ஒருநாள், லாரி ஓட்டும் அவள் தம்பி வந்து அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்தான்.

“அக்கா, குவாரி ரோட்டுல விரிசல். போன வாரம் விரல்தான் நுழைஞ்சுது. இன்னிக்கு செருப்போட கால் போகுது.”

அந்தப் பாதையிலிருந்து விலக்கு கேட்டு மூன்று முறை அரசுக்கு விண்ணப்பித்தாள். சாலைத்துறை அறிக்கை இல்லையென்று மூன்றும் திரும்பின. சாலைத்துறையோ அடுத்த மாதம் வந்து பார்ப்பதாகச் சொன்னது.

நாலு நாள் மழை விடவில்லை. ஐந்தாம் நாள் காலை எல்லா லாரிகளையும் சுற்றுவழியில் அனுப்பி, உத்தரவில் தானே கையெழுத்துப் போட்டாள்.

சட்டத்தை மீறியதாக அவள்மேல் நடந்த விசாரணையில் அதிகாரி குரலை உயர்த்தவேயில்லை.

“உயிருக்கு ஆபத்துன்னா பாதையை மாத்தலாம்னு சட்டத்துலயே இருக்கும்மா. ரோடு இடிஞ்சுதா?”

“இன்னும் இல்ல சார்.”

“அப்போ ஆபத்து இருந்ததுக்கு ஆதாரம்?”

தம்பி எடுத்த படங்களை நீட்டினாள். அளவு குறிக்காத படம் செல்லாது என்றார். அன்று மாலையே அவளைப் பணியிடை நீக்கம் செய்து, லாரிகளை மறுபடி குவாரிச் சாலைக்கே திருப்பினார்கள்.

மறுநாள் காலை தம்பி லாரிச் சாவியை மேலாளரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த வண்டியை எடுத்தவர் ஓட்டுநர்களில் மூத்தவர். எல்லோரும் வாயாடி என்று கூப்பிடுவார்கள். அவள் உடனே அவருக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் அந்தப் பக்கம் போகாதீங்க.”

“உன் தம்பிக்கு ரோட்டைப் பார்த்தா பயம். எனக்கு உங்க அண்ணியைப் பார்த்தாதான் பயம்,” என்று சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. “நான் போகலன்னா வேற ஒருத்தன் போவான்மா.”

பதினோரு மணிக்கு, சாலை லாரியோடு குவாரிக்குள் சரிந்தது. அவர் உடலை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ போகாதேன்னு சொன்னியாமே. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?”



குவாரிச் சாலையை மூடினார்கள். அன்றைக்கே கணினி அடுத்த பாதையைக் கொடுத்தது: ஆற்றின் மேல் கிடந்த பழைய ஒற்றைவழிப் பாலம். மிச்சமிருந்த முப்பத்தொன்பது லாரிகளும் அதில் ஓடத் தொடங்கின. அந்தப் பாலத்தை யாராவது போய்ப் பார்த்தார்களா என்று அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள். அவள் இடத்தில் புதிதாக உட்கார்ந்திருந்தவர், அதற்குத் தனி விண்ணப்பம் தர வேண்டும் என்றார்.