கோரைக்கு அப்பால்

ஏரிக்குப் போன அண்ணன் திரும்பாமல் ஐந்து நாள் ஆகியிருந்தது. ஆறாம் நாள் காலை அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆறு, ஏரிகளின் நீர்ப்பரப்பைக் கணக்கிடுவது அவள் வேலை. அண்ணன் அந்த ஏரியில் படகு ஓட்டியவன். வெள்ளத்தன்று வடக்கே கோரைப்புல் மண்டிய பக்கம் சிக்கிய இரண்டு பேரைக் கூட்டிவரப் போனான். அவர்கள் வேறு வழியாகக் கரையேறிவிட்டார்கள். படகு மட்டும் மதகருகே கவிழ்ந்து மிதந்தது. அன்றிலிருந்து மதகுக்குக் கீழே ஆற்றைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து இருக்கைக்காரனுக்கு அலுவலகத்தில் ‘புள்ளி’ என்று பெயர். படத்தில் ஒரு புள்ளிக்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுவான். யாரையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டான். இன்று கிண்டல் இல்லை. அவள் திரையில் அந்த ஏரியைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். “ஒரு புள்ளி பத்து மீட்டருங்க. ஆளெல்லாம் இதுல தெரியாது.”

“தெரியும். நான் தண்ணியத்தான் பாக்குறேன்.”

வெள்ளத்தன்று எடுத்த சாதாரணப் படம் முழுக்க மேகம். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ராடார் படத்தைத் திறந்தாள். அதில் அசையாத நீர் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்தாள். ஏரியின் வடக்கே, கோரைக்கு அப்பால் ஒரு பழைய களிமண் பள்ளம். முன்பு சாம்பல் நிறம், இப்போது கறுப்பு. ஏரியையும் பள்ளத்தையும் இணைத்து மெல்லிய கறுப்புக் கோடு.

“கரை உடைஞ்சிருக்கு” என்றான் புள்ளி. “கோரை மறைச்சதால யாருக்கும் தெரியல.”

அவள் கோட்டை அளந்தாள். நாற்பது மீட்டர் அகலம்.

அண்ணியைப் போனில் கூப்பிட்டாள். “அண்ணி, கோரைக்குப் பின்னால இருக்குற களிமண் பள்ளத்துல தேடச் சொல்லுங்க. தண்ணி அந்தப் பக்கம் இழுத்திருக்கு.”

“படகு மதகுல இருந்துச்சேம்மா?”

“காலியான படகை காத்து தள்ளியிருக்கும். ஆள் அங்கேயே விழுந்திருக்கலாம்.”

“சொல்றேன்.”

மதியம் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. கிடைத்துவிட்டான். பள்ளத்தின் ஓரத்தில், ஒரு வேலிக்கம்பியில் சட்டை மாட்டி உடல் நின்றிருந்ததாம். “சரி” என்று மட்டும் சொன்னாள். மற்ற நான்கு ஏரிகளின் கணக்கையும் முடித்து அனுப்பினாள். மேலாளர் எழுந்து வந்து, “வீட்டுக்குப் போம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டாள். புள்ளி வாசல் வரை கூட வந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் ஓரமாக உட்கார்ந்தாள்.

“நீ இன்னும் அழவே இல்லையே” என்றாள் அண்ணி, திரும்பாமல்.

“வரல அண்ணி. ஏன்னு தெரியல.”

“எனக்கும் இன்னிக்கு வரல” என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் நகர்ந்து, அவளுக்குப் படுக்க இடம்விட்டாள்.