தூக்கிய கை

2024 பிப்ரவரி 12, திங்கள்கிழமை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், மறைந்த தலைவரின் நினைவு நாளுக்காக ஆயிரம் பீங்கான் பொம்மைகள் சூளைக்குப் போகக் காய்ந்துகொண்டிருந்தன.

எல்லாப் பொம்மையும் தலைவரைப்போலவே வலது கையைத் தூக்கியிருந்தது. அச்சிலிருந்து எடுக்கும்போது அந்தக் கைதான் மணிக்கட்டில் விரிசல் விடும். சொர்ணாம்பாள் கரைத்த மண்ணால் விரிசலை அடைத்து, ஈரப் பஞ்சால் நீவிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புழுதிக்குள் சாயங்கால வெயில் இறங்கியபோது அத்தனை கைகளும் மெல்ல அசைவதுபோல் இருந்தது.

அந்தக் கையை நேரில் பார்த்தவள் அவள். சிறுமியாக இருந்தபோது, ஓடைக்கரைக் குடிசைகள் எரிந்த மறுநாள், ஆட்சியில் இருந்த தலைவர் வந்தார். சாம்பலில் வெறுங்காலோடு நடந்தார். அழுதார். ஜீப்பில் ஏறிக் கையைத் தூக்கி, "இந்த மண்ணு இன்னையிலேருந்து உங்களுது" என்றார். பிறகு பட்டா எழுத வந்த ஆளைத் தெருவே திருப்பி அனுப்பியது. தலைவர் வாயால் சொன்ன பிறகு காகிதம் கேட்டால் அவரைச் சந்தேகப்பட்டதாகும் என்று முதலில் சொன்னது சொர்ணாம்பாளின் அம்மாதான். வந்தவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் குடிசைகள் இருந்த இடத்துக்குத் தலைவர் நகர் என்றே பேராகியிருந்தது; இப்போது அந்த நகர் முழுக்க, இது ஓடைப் புறம்போக்கு, காலி செய்யணும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"சின்னவரு வராராம்க்கா. இந்தத் தடவையாச்சும் காயிதமா வாங்கிக்க. உங்கம்மா மாதிரி வீறாப்பு காட்டாத" என்றாள், பக்கத்துப் பலகையில் வேலை செய்த பிரபா.

சின்னவர் தலைவரின் மகன். நினைவு நாளன்று, நகர் முகப்பில் இருந்த சிலைக்கு மாலை போட வந்தார். சொர்ணாம்பாள் கூட்டத்துக்குள் புகுந்து மனுவை நீட்டினாள்.

"வூட்ட இடிக்கப் போறாங்க சாமி. உங்கப்பா குடுத்த எடம்."

அவர் மனுவைப் பின்னால் இருந்தவரிடம் தள்ளிவிட்டு, அவள் தலையில் கை வைத்தார். "நான் இருக்கேம்மா."

அப்படியே அப்பா குரல். கையைத் தூக்கினார். விசில் பறந்தது. எழுதித் தாங்க என்று கேட்க வந்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள். திரும்பி நடக்கையில் கால் தரையில் படுவதாகவே தெரியவில்லை.

"எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டாள் பிரபா.

"கையத் தூக்குனாருடி."

மார்ச் முதல் வாரத்தில் பொக்லைன் வந்தது. முதலில் தலைவர் சிலையைச் சாக்கால் சுற்றி, தூக்கிய கைக்கு மட்டும் வைக்கோல் வைத்துக் கட்டி, லாரியில் ஏற்றி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கொண்டுபோனார்கள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானத்துக்குள் வீடுகளை இடித்து முடித்தார்கள்.